ஆஸ்திரேலியா குடியரசு ஆகுமா அக்கா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, ஆஸ்திரேலியா குடியரசு ஆகணும்னு 1999ல இருந்து நான் வாலன்டியரா வேலை செஞ்சுட்டு வர்றதைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கல. சிலர் பாராட்டி, சிலர் கோவமா, நிறைய பேர் நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டிருந்தீங்க. எல்லாத்துக்கும் இங்க இடம் இல்ல, ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்து பதில் சொல்றேன்.

கேள்வி: இது ஏற்கனவே சுதந்திர நாடுதானே? ராஜா எங்கேயோ லண்டன்ல இருக்கார், நம்ம விஷயத்துல தலையிடறதும் இல்ல. அப்புறம் எதுக்குங்க சனி ஞாயிறை இதுக்காக செலவு பண்றீங்க? (பிரிஸ்பேன் வாசகர்)

சுதந்திர நாடுதான், அதுல சந்தேகமே வேணாம். 1986ல வந்த ஆஸ்திரேலியா சட்டத்தோட பிரிட்டன் பார்லிமென்ட் இங்க சட்டம் போடற வழியும் போச்சு, கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் ப்ரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போற வழியும் முடிஞ்சு போச்சு. ஆனா ஒரு இடம் மட்டும் அப்படியே நிக்குது: பிரிட்டன் ராஜாதான் இன்னும் இந்த நாட்டுக்கும் ராஜா. இந்த நாட்டுல பிறந்து வளர்ந்த ஒரு குழந்தை, அது எவ்வளவு நல்லா படிச்சாலும், எவ்வளவு சேவை செஞ்சாலும், இந்த நாட்டோட தலைமை இடத்துக்கு வரவே முடியாது. அந்த இடம் ஒரு குடும்பத்துல பிறந்தா மட்டும்தான்.

நம்மள மாதிரி வெளியில இருந்து வந்து குடியுரிமை வாங்கினவங்களுக்கு இன்னொரு விஷயம் நல்லா புரியும்னு நினைக்கிறேன். 1994க்கு முன்னாடி குடியுரிமை வாங்கினவங்க ராணிக்கு விசுவாசமா இருப்பேன்னு சொல்லித்தான் வாங்கினாங்க. 1994 ஜனவரியில அதை மாத்தினாங்க. நான் 1998ல கவுன்சில் ஹால்ல நின்னு சொன்னது ஆஸ்திரேலியாவுக்கும் அதோட மக்களுக்கும் விசுவாசமா இருப்பேன்னுதான். ஆனா நம்ம ஓட்டு வாங்கி பார்லிமென்ட்டுக்குப் போற எம்.பி. இன்னைக்கும் அங்க உட்காரணும்னா ராஜாவுக்குத்தான் உறுதிமொழி எடுக்கணும், அரசமைப்புச் சட்டம் 42ஆம் பிரிவு அப்படி சொல்லுது. நேத்து வந்த நான் மக்களுக்கு சத்தியம் பண்றேன், என்னோட பிரதிநிதி ராஜாவுக்கு சத்தியம் பண்றார். இது எனக்கு அன்னைக்கே உறுத்துச்சு, இன்னும் உறுத்துது.

எதிர்த்தரப்புல சொல்றதையும் சொல்லிடறேன், நியாயம்னு ஒண்ணு இருக்கு. ராஜாவோட பிரதிநிதியா இங்க இருக்கிற கவர்னர் ஜெனரல்தான் நடைமுறையில எல்லாம் செய்றார், அவர் ஆஸ்திரேலியர்தான், 1973 சட்டப்படி ராணிக்கு ஆஸ்திரேலியாவின் ராணின்னு தனிப் பட்டமே இருந்துச்சு, அதனால இது வெளிநாட்டு முடியாட்சியே இல்லன்னு சொல்லுவாங்க. சட்டப்படி அது ஒரு வாதம்தான், அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா அந்த கவர்னர் ஜெனரலை யாரு நியமிக்கிறாங்க? பிரதமர் ஒருத்தர் பேரை சொல்றார், ராஜா கையெழுத்து போடறார். மக்களையும் கேட்கல, பார்லிமென்ட்டையும் கேட்கல. இவ்வளவு பெரிய பதவிக்கு ஒருத்தரோட விருப்பம் மட்டும் போதும்ங்கிறதுதான் என்னோட குறை.

கேள்வி: 1999ல ஓட்டு எடுத்து தோத்தாச்சே. மக்கள் வேணாம்னு சொன்னதை மறுபடி மறுபடி கேட்கிறது சரியா? நீங்க அப்ப களத்துல இருந்தீங்களா? (மெல்பர்ன் வாசகி)

இருந்தேன். மேற்கு சிட்னியில ஒரு ஸ்கூல் வாசல்ல, காலையில பூத் திறந்ததுல இருந்து சாயந்திரம் மூடற வரைக்கும் எஸ் நோட்டீஸ் குடுத்துட்டு நின்னேன். 1999 நவம்பர் 6, சனிக்கிழமை. அது குடியுரிமை வாங்கின பிறகு வந்த என்னோட முதல் பொதுவாக்கெடுப்பு.

மதியத்துக்கு மேல ஒரு பெரியவர் வந்தார், அறுபது வயசுக்கு மேல இருக்கும், கையெல்லாம் உழைச்ச கை. எனக்கும் ராணி வேணாம்மா, ஆனா ஒண்ணு சொல்லு, அந்த பிரசிடென்ட்டை யாரு தேர்ந்தெடுப்பாங்கன்னு கேட்டார். பார்லிமென்ட்ல மூணுல ரெண்டு பங்கு பேர் சேர்ந்துன்னு சொன்னேன். அப்ப எனக்கு ஓட்டு கிடையாதா அப்படின்னார். இல்லன்னுதான் சொல்ல முடிஞ்சுது, அதுதான் உண்மை. அவர் என் நோட்டீஸை மரியாதையா திருப்பிக் குடுத்துட்டு பக்கத்துல நின்ன நோ ஆளுகிட்ட ஒண்ணு வாங்கிட்டு உள்ள போயிட்டார். அன்னைக்கு அதே மாதிரி எத்தனை பேர்! ராணியை விரும்பி நோ போட்டவங்க ஒரு பக்கம்னா, குடியரசு வேணும் ஆனா இந்த மாதிரி வேணாம்னு நோ போட்டவங்க இன்னொரு பக்கம். இவங்க ரெண்டு பேரையும் ஒரே வரியில நிக்க வச்சதுதான் நோ கேம்பெய்னோட திறமை. அரசியல்வாதிகளோட குடியரசு வேணாம்னு ஒரே ஒரு வாசகம், அது போதுமா இருந்துச்சு. அவங்க ஏமாத்தினாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், நம்ம மாடல்ல, அதாவது பிரசிடென்ட்டை எப்படி தேர்ந்தெடுக்கிறதுங்கிற திட்டத்துல, இருந்த ஓட்டையை அவங்க பார்த்தாங்க, அவ்வளவுதான்.

முடிவு: எஸ் 45.13 சதவீதம், நோ 54.87. ஆறு மாநிலத்துல ஒண்ணு கூட ஜெயிக்கல. விக்டோரியாவுல மட்டும் 49.84 வரைக்கும் வந்து நின்னுச்சு. கான்பெரா இருக்கிற தலைநகரப் பகுதியில 63 சதவீதம் எஸ்.

எங்க தோத்தோம்னா, என்னைக் கேட்டா 1998 பிப்ரவரியிலேயே தோத்துட்டோம். கான்பெராவுல பழைய பார்லிமென்ட் கட்டடத்துல அரசமைப்பு மாநாடு நடந்துச்சு, 152 பேர், பாதி பேர் மக்கள் ஓட்டுல வந்தவங்க, பாதி பேர் அரசாங்கம் நியமிச்சவங்க. அங்கேயே குடியரசு வேணும்ங்கிறவங்க ரெண்டா உடைஞ்சுட்டாங்க, நேரடித் தேர்தல்தான் வேணும்னு ஒரு கூட்டம், பார்லிமென்ட் தேர்ந்தெடுத்தா போதும்னு ஒரு கூட்டம். உடைஞ்சது ஒட்டவே இல்ல. நேரடித் தேர்தல் கேட்டவங்கள்ல சிலர் வெளிப்படையாவே நோ கேம்பெய்ன் பண்ணாங்க. போதாக்குறைக்கு அந்த மாடல்ல பிரதமர் நினைச்சா பிரசிடென்ட்டை உடனே பதவியில இருந்து எடுத்துடலாம்னு வேற இருந்துச்சு, அதுக்கு பதில் சொல்லி எங்களால மாளல.

மறுபடி கேட்கிறது சரியான்னு கேட்டீங்க. அன்னைக்கு கேட்ட கேள்வி, ராணிக்கும் கவர்னர் ஜெனரலுக்கும் பதிலா பார்லிமென்ட் நியமிக்கிற பிரசிடென்ட் வேணுமாங்கிற கேள்வி. அதுக்கு மக்கள் தெளிவா பதில் சொல்லிட்டாங்க, அதை நான் மதிக்கிறேன். அன்னைக்கு ஓட்டு போட வயசு வராதவங்க இன்னைக்கு நாப்பதை தொட்டிருக்காங்க. அவங்க கிட்ட இதுவரைக்கும் யாரும் எதுவும் கேட்கல.

கேள்வி: பிள்ளை, நான் 1972ஆம் ஆண்டு சிலோன் குடியரசானதை கண்ணால கண்டவன், அப்ப எனக்கு பத்தொன்பது வயசு. ராணி போனதோட முந்தின அரசியலமைப்பான சோல்பரி யாப்பில இருந்த 29ஆம் பிரிவும் போச்சுது. எங்கட ஆக்களைக் கேட்டோ செய்தவங்கள்? இப்ப நீங்கள் குடியரசு குடியரசு எண்டு கதைக்கேக்க எனக்கு வயித்தைக் கலக்குது. (சிட்னி, ஒரு பெரியவர்)

ஐயா, வந்த கடிதத்துல உங்களோடதைத்தான் அதிக தடவை படிச்சேன். ஸ்டால்ல நிக்கும்போது நம்ம ஈழத்து பெரியவங்க பலர் இதையேதான் கேட்டிருக்காங்க, சிலர் கேட்காம முகத்தை திருப்பிட்டு போயிருக்காங்க. தமிழ்நாட்டுல இருந்து வந்த எனக்கு குடியரசுன்னா ஜனவரி 26, பள்ளிக்கூடத்துல கொடியேத்தம், மிட்டாய். உங்களுக்கு அது வேற. அது புரியாம நான் ஆரம்பத்துல சில வருஷம் உங்க வயசுக்காரங்க கிட்ட மிட்டாய்க் கதையே பேசிட்டு இருந்தேன், அதுக்கு வருத்தப்படறேன்.

நீங்க சொல்றது சரி. 29ஆம் பிரிவு ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ பாதகமா சட்டம் போடக் கூடாதுன்னு சொல்லிச்சு, 1972 யாப்புல அது இல்ல. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்துச்சு. கோடீஸ்வரன் வழக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், சிங்களம் மட்டும்தான் ஆட்சி மொழின்னு சொன்ன தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து ஒரு தமிழ் அரசாங்க ஊழியர் ப்ரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1969ல அங்க தீர்ப்பு வந்து வழக்கு திரும்ப கொழும்புக்கு வந்துச்சு, 1971ல அந்த அப்பீல் வழியையே அடைச்சுட்டாங்க. அரசியல் நிர்ணய சபையில தமிழரசுக் கட்சி சொன்னது எதுவும் ஏறல, அவங்க வெளியேறிட்டாங்க. பொதுமக்கள் கிட்ட ஓட்டுக்கும் விடல.

ஆனா ஐயா, ஒண்ணு மட்டும் கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. 1948ல மலையகத் தமிழர், அதாவது இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்குப் போன தமிழர் குடியுரிமையை பறிச்ச சட்டம் வந்தப்ப ராஜா இருந்தார். 1956ல தனிச் சிங்களச் சட்டம் வந்தப்ப ராணி இருந்தாங்க. அந்த ரெண்டு சட்டத்துக்கும் அரச முடியோட பேர்லதான் ஒப்புதல் கிடைச்சுது, 29ஆம் பிரிவு அப்பவும் புத்தகத்துல இருந்துச்சு. மலையகத் தமிழர் வழக்கு ப்ரிவி கவுன்சிலுக்கும் போச்சு, 1953ல அவங்களுக்கு எதிராத்தான் தீர்ப்பு வந்துச்சு. அதனால நம்மளைக் காப்பாத்தினது முடின்னு என்னால நம்ப முடியல. பெரும்பான்மை மட்டும் தனியா உட்கார்ந்து, மத்தவங்களைக் கேட்காம, மொத்த யாப்பையும் எழுதிக்க முடிஞ்சதுதான் அங்க நடந்த கொடுமை. அதுக்கு குடியரசுங்கிற பேரை வச்சுட்டாங்க.

இங்க அந்த மாதிரி பண்ண வழி இல்ல. 128ஆம் பிரிவு இருக்கு. பார்லிமென்ட் மட்டும் நினைச்சா அரசமைப்புல ஒரு காற்புள்ளியைக் கூட மாத்த முடியாது. ஒவ்வொரு மாத்தமும் மக்கள் ஓட்டுக்கு வரணும், நாடு முழுக்க பெரும்பான்மை வேணும், அதோட ஆறு மாநிலத்துல நாலுலயாவது பெரும்பான்மை வேணும். முன்மொழிஞ்ச மாத்தம் வரிக்கு வரி அச்சடிச்சு வீட்டுக்கு வரும். உங்க ஓட்டும் என் ஓட்டும் அதுல இருக்கும்.

உங்க பயம் எங்க வேலைக்கு இடைஞ்சல் இல்ல ஐயா, ரொம்ப உதவி. எந்த மாடல் வந்தாலும் நான் இப்ப முதல்ல தேடறது இதைத்தான்: தலைமை இடத்தைத் தவிர வேற எதையாவது சத்தமில்லாம தொடறாங்களா, ஹை கோர்ட்டோட (இங்க அதுதான் உச்ச நீதிமன்றம்) அதிகாரம் அப்படியே இருக்கா, பிரசிடென்ட்டால தனியா என்ன பண்ண முடியும். அதுல ஏதாவது தப்பா பட்டா நானே நோ போடுவேன், உங்க கூட நின்னு நோ நோட்டீஸும் குடுப்பேன்.

கேள்வி: ராஜாவுக்கு நம்ம வரிப்பணம் எவ்வளவு போகுது? அதை சொன்னாலே ஜனங்க மாறிடுவாங்களே. (அடிலெய்ட் வாசகர்)

தயவு செஞ்சு அதை சொல்லாதீங்க. ராஜாவுக்கு ஆஸ்திரேலியா சம்பளம் குடுக்கிறதில்ல, அவங்க இங்க வரும்போது ஆகிற செலவு மட்டும்தான் நம்மளோடது. கவர்னர் ஜெனரலுக்கு சம்பளம் உண்டு, 2024 ஜூலையில சாம் மோஸ்டின் பதவிக்கு வந்தப்ப அது வருஷத்துக்கு 7 லட்சத்து 9 ஆயிரம் டாலருக்கு மேல. குடியரசு ஆனாலும் பிரசிடென்ட்டுக்கு சம்பளம், வீடு, அலுவலகம் எல்லாம் வேணும்தானே. பணம் மிச்சமாகும்னு சொல்லி ஒரு ஓட்டு வாங்கிட்டு, அது பொய்னு தெரிஞ்சா பத்து ஓட்டு போயிடும்.

கேள்வி: குடியரசு ஆனா கொடி மாறிடுமா? காமன்வெல்த்ல இருந்து வெளிய போயிடுவோமா? ராஜா பிறந்தநாள் லீவு போயிடுமா? (பர்த், கான்பெரா, இன்னும் பல ஊர் வாசகர்கள்)

கொடி இதுல வரவே வராது. அது 1953 கொடிச் சட்டம், தனி விஷயம், 1998ல அதுல ஒரு திருத்தம் பண்ணி, மாத்தணும்னா வாக்காளர்களைக் கேட்டுத்தான் மாத்தணும்னு வச்சிருக்காங்க. காமன்வெல்த்ல இப்ப 56 நாடு, அதுல 36 குடியரசுதான். குடியரசா இருந்துட்டே உள்ள இருக்கலாம்ங்கிற வழியை திறந்துவிட்டதே இந்தியாவுக்காக 1949ல லண்டன்ல எடுத்த முடிவு. பார்படோஸ் 2021 நவம்பர் 30ல குடியரசு ஆச்சு, இன்னும் காமன்வெல்த்லதான் இருக்கு. விளையாட்டுப் போட்டி, பாஸ்போர்ட், விசா எதுவும் இதனால மாறாது.

லீவு மாநிலங்களோட கையில இருக்கு. பர்த்காரங்களுக்கு தெரியும், மத்த மாநிலம் பலதும் ஜூன்ல கொண்டாடற ராஜா பிறந்தநாளை நீங்க செப்டம்பர்ல கொண்டாடறீங்க, குவீன்ஸ்லாந்துல அக்டோபர். பேரை மாத்தி அந்த லீவை வச்சுக்கிறது பெரிய கஷ்டம் இல்ல.

கேள்வி: எங்க அம்மாவுக்கு எலிசபெத் ராணின்னா உயிர். ராணி இறந்தப்ப ரெண்டு நாள் அழுதாங்க. நான் குடியரசு பேட்ஜ் குத்திட்டு வந்ததைப் பார்த்து பேசறதையே குறைச்சுட்டாங்க. என்ன பண்றது அக்கா? (சிட்னி வாசகி)

பேட்ஜை வீட்டு வாசல்ல கழட்டி பையில போட்டுக்கோம்மா. கொள்கையை விட்டுக் குடுக்கச் சொல்லல. அம்மா அழுதது ஒரு அரசமைப்புக்காக இல்ல, எழுபது வருஷம் ஒரே இடத்துல இருந்த ஒரு பொம்பளைக்காக, தன்னோட வயசும் அதோட சேர்ந்து போன மாதிரி தோணியிருக்கும். 2022 செப்டம்பர்ல ராணி இறந்தப்ப நானும் நோட்டீஸ் எல்லாம் அலமாரியில வச்சுட்டு சில வாரம் எதுவும் பேசல, அந்த நேரத்துல பேசறது மனுஷத்தனம் இல்ல.

அம்மாகிட்ட ராணியைப் பத்தி கேளு, என்ன பிடிச்சதுன்னு கேளு. பொறுமை, கடமைன்னு ஏதாவது சொல்லுவாங்க. அந்த குணம் உள்ள ஒருத்தரை நாமளே தேர்ந்தெடுத்தா எப்படி இருக்கும்னு ஒரு நாள், உடனே இல்ல, மெதுவா ஒரு நாள் கேட்கலாம். அதுக்கும் வேணாம்னாங்கன்னா விட்டுடு. நான் அஞ்சாறு வருஷமா பேசியும் மாறாத சிநேகிதிகள் எனக்கு இருக்காங்க, இன்னும் அவங்க வீட்டுலதான் தீபாவளிக்கு சாப்பிடறேன்.

கேள்வி: இப்போதைக்கு ரெஃபரண்டமே இல்லன்னு பிரதமரே சொல்லிட்டார். 2023ல பூர்வகுடி மக்களுக்கு ஒரு ஆலோசனைக் குழு அமைக்கலாமான்னு கேட்ட வாய்ஸ் ஓட்டும் தோத்துச்சு. இந்த நிலைமையில வாலன்டியர்ங்க என்னதான் பண்றீங்க? நானும் சேரலாமா, எனக்கு பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) மட்டும்தான் இருக்கு. (மெல்பர்ன் வாசகர்)

சேரலாம். ஓட்டு போடத்தான் குடியுரிமை வேணும், மேஜை போட்டு பேசறதுக்கு வேணாம். அரசாங்க வேலையில இருக்கிறவங்க மட்டும் அவங்க டிபார்ட்மென்ட் விதி என்னன்னு முதல்ல பார்த்துட்டு வாங்க.

நிலைமை கஷ்டம்தான், மறைக்க ஒண்ணும் இல்ல. 2022ல குடியரசுக்குன்னே ஒரு துணை அமைச்சர் போட்டாங்க, 2024 ஜூலையில அந்தப் பதவியையே எடுத்துட்டாங்க. 2023 அக்டோபர் 14 வாய்ஸ் ஓட்டு ஆறு மாநிலத்துலயும் தோத்துச்சு. இதுவரைக்கும் 45 முறை மக்கள்கிட்ட கேட்டு 8 தான் ஜெயிச்சிருக்கு, கடைசியா ஜெயிச்சது 1977ல. ரெண்டு பெரிய கட்சியும் சேர்ந்து ஆதரிக்காம ஒண்ணு கூட ஜெயிச்சதில்ல. அதனால இப்ப எங்க வேலை ஓட்டு கேட்கிறது இல்ல, தேதி குறிக்கிறதுக்கு முன்னாடியே மாடல்ல சண்டை போட்டு முடிச்சுக்கிறது, கட்சி பேதமில்லாம எம்.பி.க்களைப் போய் பார்க்கிறது. எங்க ஏரியா எம்.பி. ஆபீஸுக்கு நாலு பேர் ஒரு டீமா போவோம், அதுல ரெண்டு பேராவது அந்த எம்.பி.யோட கட்சிக்கு ஓட்டு போடறவங்களா இருக்கணும்னு வச்சிருக்கோம், அப்பதான் காது குடுத்து கேட்பாங்க.

மாடலைப் பொறுத்தவரைக்கும், ஆஸ்திரேலியக் குடியரசு இயக்கம் 2022 ஜனவரியில ஒண்ணு வெளியிட்டாங்க. எட்டு மாநில, பிரதேச பார்லிமென்ட்டும் ஆளுக்கு ஒருத்தரை முன்மொழியும், மத்திய பார்லிமென்ட் மூணு பேர் வரைக்கும் முன்மொழியலாம், ஆக மொத்தம் பதினொரு பேர் வரை, அதுல மக்கள் ஓட்டு போட்டு ஒருத்தரை அஞ்சு வருஷத்துக்கு தேர்ந்தெடுக்கணும். 1999ல என்கிட்ட கேட்ட அந்தப் பெரியவருக்கு இதுல ஓட்டு உண்டு, அதனால எனக்கு இது பிடிச்சிருக்கு. ஆனா மக்கள் ஓட்டு வாங்கி வர்றவர் பிரதமரோட மோத ஆரம்பிச்சா என்ன ஆகும்னு குடியரசுக்காரங்களே சிலர் கேட்கிறாங்க. நல்ல கேள்வி. அதுக்கு பதில், பிரசிடென்ட் எதை செய்யலாம் எதை செய்யக் கூடாதுன்னு எழுத்துல வைக்கிறதுதான்.

ஸ்டால் பத்தி சொல்றேன். கவுன்சில்ல அனுமதி வாங்கி சந்தையிலயோ ஸ்டேஷன் பக்கத்துலயோ ஒரு மடக்கு மேஜை, ஒரு பேனர், க்ளிப்போர்டு. புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது, முதல் அஞ்சு நிமிஷம் பேசவே பேசாதீங்க, கேளுங்க. நம்ம தமிழ் ஆளுங்க கிட்ட இதுல ஒரு சங்கதி இருக்கு, இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. பிரசிடென்ட்னு ஒரே வார்த்தையை சொல்றோம், ஆனா ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒவ்வொரு படம் ஓடுது. தமிழ்நாட்டுக்காரர் மனசுல வர்றது குடியரசுத் தலைவர், அமைச்சரவை சொன்னபடி கையெழுத்து போடறவர், எம்.பி., எம்.எல்.ஏ. ஓட்டுல வர்றவர், அதனால ராணிக்கும் இவருக்கும் என்ன பெரிய வித்தியாசம்னு கேட்பார். இலங்கைக்காரர் மனசுல வர்றது ஜனாதிபதி, 1978க்கு அப்புறம் வந்த, எல்லா அதிகாரமும் கையில இருக்கிற ஜனாதிபதி, அதனால பயப்படுவார். இங்கேயே பிறந்த பிள்ளைங்க மனசுல அமெரிக்கா ஓடுது. இந்த மூணுல எது ஓடுதுன்னு தெரியாம நாம வாயைத் திறந்தா, பேசறது ஒண்ணு, அவங்க காதுல விழறது வேற. அதனால நான் தமிழ்ல நோட்டீஸ் எழுதும்போது ரெண்டு வார்த்தையையும் போட்டு, கீழே இவர் ஆட்சி நடத்த மாட்டார், ஆட்சி பிரதமரும் பார்லிமென்ட்டும்தான்னு ஒரு வரி பெரிய எழுத்துல சேர்த்துடுவேன். நோட்டீஸ்ல யார் பொறுப்புன்னு பேரும் ஊரும் போடறதுக்கு சட்டம் இருக்கு, அதை மறந்துடாதீங்க.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் நின்னா இருபது பேர்கிட்ட உருப்படியா பேசலாம், அதுல ரெண்டு பேர் ஈமெயில் எழுதிக் குடுப்பாங்க, ஒருத்தர் நிச்சயமா திட்டிட்டுப் போவார். கால் வலிக்கும். வாங்க.

கேள்வி: 1975ல கவர்னர் ஜெனரல் பிரதமரை நீக்கினதை அடிக்கடி சொல்றாங்க. அதுக்கும் குடியரசுக்கும் என்ன சம்பந்தம்? ராணி சொல்லி செஞ்சாங்களா? (நியூகாசில் வாசகர்)

1975 நவம்பர் 11. செனட்ல எதிர்க்கட்சி பட்ஜெட் மசோதாவை நிறுத்தி வச்சிருந்துச்சு, அந்த நேரத்துல கவர்னர் ஜெனரல் ஜான் கெர் பிரதமர் கஃப் விட்லமைக் கூப்பிட்டு பதவியை விட்டு நீக்கிட்டு எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் ஃப்ரேசரை உட்கார வச்சார். அடுத்த மாசம் நடந்த தேர்தல்ல ஃப்ரேசர் பெரிய அளவுல ஜெயிச்சார், அதையும் சேர்த்துத்தான் சொல்லணும், பாதியை சொல்லிட்டு விட்டா அது நேர்மை இல்ல.

கெர் அரண்மனைக்கு எழுதின, அங்கிருந்து வந்த கடிதங்களை ரகசியமா வச்சிருந்தாங்க, ஜெனி ஹாக்கிங்னு ஒரு வரலாற்றுப் பேராசிரியர் வருஷக்கணக்கா கோர்ட்ல போராடி 2020ல ஹை கோர்ட் தீர்ப்பு வாங்கினாங்க. அதே வருஷம் ஜூலையில வெளியாச்சு. நீக்கறதை ராணிக்கு முன்கூட்டி சொல்லலன்னு கெர் எழுதியிருக்கார். ஆனா அப்படி நீக்கற அதிகாரம் பத்தி அரண்மனைச் செயலாளரோட அவர் மாசக்கணக்கா கடிதம் எழுதிப் பேசியிருக்கார், நம்ம பிரதமருக்குத் தெரியாம. ராணி சொன்னாங்களா இல்லையாங்கிற சண்டையை விட எனக்கு இதுதான் பெருசா படுது. நாம ஓட்டு போட்டு வச்ச பிரதமரைப் பத்தி வேற நாட்டு அரண்மனையோட பேச்சு நடந்திருக்கு, அந்தக் கடிதத்தை நாம படிக்கவே 45 வருஷம் ஆகி, கோர்ட்டுக்கும் போக வேண்டி வந்துச்சு. அந்த அதிகாரம் இன்னைக்கும் அப்படியே இருக்கு, எங்கேயும் தெளிவா எழுதி வைக்கல.

கேள்வி: அக்கா, எனக்கு 16 வயசு. ஸ்கூல்ல குடியரசு பத்தி டிபேட் வருது, நான் எஸ் பக்கம். ஓட்டு போட வயசு வரல, அப்பா இதெல்லாம் உனக்கு எதுக்குங்கிறார். நான் என்ன செய்யலாம்? (வொல்லொங்காங் மாணவி)

அப்பாகிட்ட சொல்லு கண்ணா, பதினாறு வயசுலேயே வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்த்துக்கலாம், பதினெட்டு ஆனதும் தானா ஓட்டு வந்துடும். குடியுரிமை இருந்தா இந்த வாரமே எலெக்டோரல் கமிஷன் இணையதளத்துல பண்ணிடு, அஞ்சு நிமிஷ வேலை.

டிபேட்டுக்கு ஒரு யோசனை. உன் பக்கத்து வாதத்தை எழுதறதுக்கு முன்னாடி நோ பக்கத்து வாதத்தை எழுது, உன்னால முடிஞ்ச அளவு பலமா. 1999 நோ ஓட்டை ராணி மேல இருந்த பாசம்னு மட்டும் எழுதிடாதே, மேல நான் சொன்ன அந்தப் பெரியவரை நினைச்சுக்கோ. அப்புறம் உங்க வீட்டுப் பக்கத்துல 1999ல ஓட்டு போட்டவங்க மூணு பேரைப் பிடிச்சு எதுக்கு போட்டீங்க, ஏன் போட்டீங்கன்னு கேட்டு எழுதிட்டு வா. முடிஞ்சா அதுல ஒருத்தர் நோ போட்டவரா இருக்கட்டும். அதை எனக்கும் இதழ் முகவரிக்கு அனுப்பு, அடுத்த முறை ஸ்டால்ல புதுசா வர்றவங்களுக்கு படிச்சுக் காட்டறேன்.